பையில் அடங்கும் ஆண்டெனா: ஒரு பழைய வழக்கின் இன்றைய நிலை

மொட்டைமாடியை விட்டு வெளியே வந்து, தோளில் சுமக்கும் அளவுக்குள் ஒரு நிலையத்தை அடக்கி, மலையுச்சியிலோ கடற்கரையிலோ உட்கார்ந்து பேச நினைக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒருவருக்கு ரிக்கை, அதாவது வானொலிக் கருவியை, தேர்ந்தெடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. அதன் எடையும் வாட்டும் விளம்பரத்தாளிலேயே அச்சாகியிருக்கும். எந்த ஆண்டெனாவை எடுத்துச் செல்வது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு விடை வருகிறது. மரத்தில் கட்டும் கம்பியே போதும் என்பார் ஒருவர். செங்குத்தாக ஒரு குச்சியை நட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும் என்பார் இன்னொருவர். கையகல வளையம் ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு ஐரோப்பாவைப் பிடித்ததாகச் சொல்பவரும் உண்டு. மூவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மை. அதனால்தான் இந்த வழக்கு தீர்வதில்லை.

வழக்கில் இதுவரை வைக்கப்பட்டுள்ள முக்கியமான வாதங்கள் எவை, அவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் நொண்டுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பேச்சு பெரும்பாலும் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைப் பகுதியைப் பற்றியது. 2 மீட்டர் பேண்டில் அரை அலை என்பது ஒரு மீட்டர்தான். முழு அளவு ஆண்டெனாவையே சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம். 2005 மே மாதம் பி.எஸ்.எல்.வி.-சி6 ஏவிய ஹாம்சாட் செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதற்கு, கையில் பிடிக்கும் சிறு யாகி ஆண்டெனாவே பலருக்குப் போதுமானதாக இருந்தது. சிற்றலையில்தான் அலையின் நீளமும் ஆளின் முதுகும் மோதிக்கொள்கின்றன.

பட்டத்தில் தொடங்கிய கதை

1901 டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில் குன்றில் மார்க்கோனி பயன்படுத்தியதும் தற்காலிகமாக ஏற்றிய ஒரு கம்பியைத்தான். கடுங்காற்றில் ஒரு பலூன் போயிற்று, ஒரு பட்டமும் போயிற்று. பிறகு பறக்கவிட்ட பட்டம் ஏறத்தாழ 150 மீட்டர் கம்பியைத் தூக்கிப் பிடித்தது. இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அவர் அறிவித்தார். பகல் வேளையில், அவ்வளவு நீண்ட அலையில் அது கேட்டிருக்க முடியுமா என்ற ஐயம் இன்றும் இருக்கிறது. தற்காலிக ஆண்டெனாவின் வெற்றியை எந்தச் சான்றை வைத்து ஒப்புக்கொள்வது என்ற கேள்வி முதல் நாளே பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த பெரிய படி செப்பலின் எனப்பட்ட ஆகாயக் கப்பல்களில் நடந்தது. 1909-இல் ஹான்ஸ் பெக்கரோ காப்புரிமை பெற்ற வடிவத்தில், கப்பலுக்குக் கீழே தொங்கும் அரை அலைக் கம்பிக்கு அதன் ஒரு முனையிலேயே மின்சக்தி ஊட்டப்பட்டது. ஹைட்ரஜன் நிரம்பிய கலத்துக்கு அருகே உயர் மின்னழுத்தம் இருக்கக் கூடாது என்பதும் அந்த அமைப்புக்கு ஒரு காரணம். இன்று மலையேறும் ஹாம்கள் மிகுதியாக எடுத்துச் செல்லும் முனையூட்டுக் கம்பி, இந்த செப்பலின் ஆண்டெனாவின் பேரப்பிள்ளை.

அமெரிக்க அமெச்சூர் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். 1933-இல் தொடங்கிய 'ஃபீல்ட் டே' வெளிக்களத்தில் நிலையம் அமைப்பதை ஆண்டுத் திருவிழாவாக்கியது. ஆனால் அது லாரியில் கோபுரம் கொண்டுவருபவர்களுக்கும் இடம் தந்தது. ஆண்டெனாவின் எடையை ஒரு நேர்மையான கட்டுப்பாடாக மாற்றியது 2002 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்றே சொல்ல வேண்டும். வாகனத்திலிருந்து பேசக் கூடாது, கருவியைச் சுமந்துதான் ஏற வேண்டும், எரிபொருள் ஜெனரேட்டர் கூடாது என்பவை அதன் விதிகள். அமெரிக்க தேசியப் பூங்காச் சேவையின் நூற்றாண்டையொட்டி 2016-இல் நடந்த நிகழ்ச்சியிலிருந்து வளர்ந்த 'பார்க்ஸ் ஆன் தி ஏர்' இந்தக் கூட்டத்தைப் பல மடங்கு பெருக்கியது. அதோடு சிறிய ஆண்டெனாக்களின் சந்தையும் பெருகியது.

சிறிதாக்குவதற்குத் தர வேண்டிய விலை

வாதங்களுக்குள் போகுமுன் எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டாக வேண்டிய ஓர் எல்லையைக் குறித்துவிடலாம். 1947-இல் ஹெரால்ட் வீலரும் 1948-இல் எல்.ஜே. சூவும் வெளியிட்ட கட்டுரைகள் அதை வரைந்தன. அலைநீளத்தோடு ஒப்பிட ஆண்டெனா சிறிதாகச் சிறிதாக, அது வேலை செய்யும் அதிர்வெண் பரப்பு சுருங்கும். பரப்பை மீட்க வேண்டுமானால் சக்தியை வெப்பமாக இழந்தாக வேண்டும். சிறிய அளவு, அகன்ற பரப்பு, உயர்ந்த திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும்.

எண்களில் பார்த்தால் இது உறைக்கும். ஆண்டெனாவிலிருந்து அலையாகப் புறப்படும் சக்தியைக் கதிர்வீச்சுத் தடை என்ற கணக்கால் குறிக்கிறார்கள். வீணாகும் சக்தி இழப்புத் தடை. 7 மெகாஹெர்ட்ஸில் முழுக் கால் அலைச் செங்குத்து ஏறத்தாழ 10 மீட்டர் உயரம். அதன் கதிர்வீச்சுத் தடை 36 ஓம். அடியில் சுருள் வைத்து அதையே 2 மீட்டர் குச்சியாகக் குறைத்தால் கதிர்வீச்சுத் தடை ஒரு ஓமுக்கும் கீழே போகிறது. சுருளின் இழப்பு 5 ஓம், தரையின் இழப்பு 15 ஓம் என்று வைத்துக்கொண்டால் (இவை மிகையான எண்கள் அல்ல) ரிக் தரும் 10 வாட்டில் அலையாகக் கிளம்புவது அரை வாட்டுக்கும் குறைவு. 36 ஓம் குச்சிக்கு அதே 15 ஓம் தரை அமைந்தால் ஏழு வாட் கிளம்பும். ஆக, ஒரே தரை நெடிய கம்பிக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய செலவு, குட்டைக் குச்சிக்கோ திவால்.

இந்த எல்லையைத் தாண்டிவிட்டதாக அவ்வப்போது அறிவிப்புகள் வருவதுண்டு. 1980-களின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த 'குறுக்குப்புல ஆண்டெனா' அவற்றில் பெயர்பெற்றது. சுதந்திரமான அளவீடுகள் அந்த உரிமைகோரலைத் தாங்கவில்லை. சுற்றியிருந்த கேபிளும் கம்பங்களும் சேர்ந்து கதிர்வீசியதே பல 'அற்புதங்களுக்கு' விளக்கம் என்று பின்னர் விமர்சித்தவர்கள் கூறினார்கள். கேபிளே ஆண்டெனாவாகிவிடும் இந்தப் பிரச்சினை கீழேயும் வரும்.

கிடைக் கம்பியை ஆதரிப்பவர்கள்

நடுவில் ஊட்டப்படும் அரை அலை டைபோல், அல்லது ஒரே கம்பத்தில் நடுவை உயர்த்தி இரு கைகளையும் சரித்துக் கட்டும் 'இன்வெர்டட் வீ', இந்த வழக்கில் மூத்த தரப்பு. 142.6-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் மொத்த நீளம் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர், 14.2-க்கு 10 மீட்டர். சரிந்த கைகளுக்கு இடைப்பட்ட கோணம் 90 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு, முனைகளை ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினால் போதும். தரையோடு இதற்குக் கடன் இல்லை, மின்மாற்றி தேவையில்லை, பத்துக்கு ஒன்பது பங்கு சக்தி அலையாகவே போய்விடுகிறது. பல பேண்டுகள் வேண்டுமானால் கம்பியின் நடுவே இணைப்பு முள்களை வைத்து, பேண்டுக்கு ஏற்ப மாட்டியும் கழற்றியும் கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் கம்பத்தை இறக்கி ஏற்ற வேண்டும் என்பது அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை.

இதன் பலவீனம் உயரம். கிடைக் கம்பி அலையைத் தாழ்ந்த கோணத்தில் தொலைவுக்கு அனுப்ப வேண்டுமானால் தரையிலிருந்து அரை அலை உயரமாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. சுமக்கக்கூடிய ஃபைபர் கம்பம் 6 முதல் 10 மீட்டர். 20 மீட்டர் பேண்டில் அது பரவாயில்லை. 40 மீட்டர் பேண்டில் 7 மீட்டர் உயரம் என்பது அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்குதான். சக்தியின் பெரும்பகுதி நேராக வானை நோக்கிப் போகும்.

இங்குதான் வழக்கு ஒரு திருப்பம் எடுக்கிறது. வானை நோக்கிப் போவது எப்போதும் வீணல்ல. அயனி மண்டலம் அந்த அதிர்வெண்ணைத் திருப்பி அனுப்பும் நிலையில் இருந்தால், அலை சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் மழைபோல இறங்கும். குறுக்கே மலை நின்றாலும் கவலையில்லை. உதகைப் பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து ஈரோட்டையும் சேலத்தையும் எட்ட வேண்டியவருக்குத் தாழ்ந்த கம்பிதான் சரியான விடை. தாழ்கோணச் செங்குத்தோ அந்த ஊர்களைத் தாண்டிப் போய்விழும். 1960-களில் அமெரிக்க இராணுவத்துக்காக ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் தாய்லாந்துக் காடுகளில் செய்த சோதனைகள் இந்த அறிவுக்கு ஓர் அடிப்படை. அடர்காட்டில் நிமிர்ந்த குச்சிகள் திணறும் இடத்தில் தாழ்ந்த டைபோல்கள் எடுபட்டன.

தமிழகத்துக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் இயங்கத் தொடங்கிய தும்பா ராக்கெட் தளத்துக்கு இடம் பார்த்தபோது அதுவே முதன்மைக் காரணம். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். இந்தப் பகுதியில் பகல்நேர அயனி மண்டலம் பெரும்பாலும் 7 மெகாஹெர்ட்ஸை நேர் மேலிருந்தே திருப்பும் வலுவோடு இருக்கிறது. ஆகவே வட ஐரோப்பாவில் 40 மீட்டர் அலை தலைக்கு மேல் துளைத்துக்கொண்டு போய்விடும் பல நாட்களில்கூட இங்கே தாழ்ந்த டைபோல் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. வெளிநாட்டுக் கையேடுகளின் அறிவுரையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்வதில் இருக்கும் ஆபத்துகளில் இது ஒன்று.

செங்குத்தும் தரையிடம் பட்ட கடனும்

செங்குத்து ஆண்டெனாவுக்குச் சொல்லப்படும் வாதம் எளிது: ஒரே கம்பம், மரம் வேண்டாம், எல்லாத் திசைக்கும் சமம், தாழ்ந்த கோணத்தில் கிளம்பும். மரமில்லாத மொட்டைப் பாறை உச்சியில் வேறு வழியும் குறைவு. எதிர்வாதமும் எளிது: ஆண்டெனாவின் மற்றப் பாதி தரைதான், தரையோ மோசமான கடத்தி.

தரைக்கு எத்தனை கம்பிகள் விரிப்பது என்ற கிளைக்கேள்விக்கு மட்டும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. 1937-இல் ஆர்.சி.ஏ. பொறியாளர்கள் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் வெளியிட்ட அளவீடுகள், ஆண்டெனாவின் அடியிலிருந்து ஆரம்போல விரியும் கம்பிகளான ரேடியல்களை நூற்றுக்கும் மேல் புதைத்தால்தான் இழப்பு ஏறக்குறைய மறையும் என்று காட்டின. ஒலிபரப்பு நிலையங்களுக்கு 120 கம்பி என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. மலையேறும் ஹாமுக்கு 120 கம்பி என்பது கேலிப்பேச்சு. ஆனால் அந்த எண்ணின் மிரட்டலில், 'நாலு கம்பி போட்டு என்ன ஆகப்போகிறது' என்ற சோர்வும், அதற்கு நேரெதிராக 'ஒன்றே போதும்' என்ற அலட்சியமும் சேர்ந்தே வளர்ந்தன.

ரூடி செவர்ன்ஸ் 2009-ஐ ஒட்டி வெளியிட்ட தொடர் சோதனைகள் இதைத் தெளிவாக்கின. தரைமேல் கிடக்கும் கம்பிகள் நாலில் இருந்து பதினாறாகும்போது கிடைக்கும் ஆதாயம் பெரிது. அதற்கு மேல் சேர்ப்பவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உதவுகின்றன. ஆளின் இடுப்பளவு, மார்பளவு உயரத்தில் தூக்கிக் கட்டிய நாலே ரேடியல்கள், தரையில் விரித்த பல பத்துக் கம்பிகளுக்கு ஈடுகொடுத்தன. வெளிக்களத்துக்கு இதைவிடப் பயனுள்ள முடிவு சமீபத்தில் வந்ததாகத் தெரியவில்லை. சவுக்குக் கழியோ முக்காலியோ கொண்டு ஆண்டெனாவின் அடியை ஒரு மீட்டர் உயர்த்தினால், 30 கம்பி சுமக்கும் வேலை மிச்சம். இருந்தும் சந்தையில் விற்கும் செங்குத்துகள் பெரும்பாலும் தரையில் குத்தும் ஆணியோடுதான் வருகின்றன.

தரையைப் பற்றிய பேச்சில் கடலைத் தனியாக வைக்க வேண்டும். சாதாரண மண்ணைவிட உப்புநீர் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. ஆண்டெனாவுக்கு அடியில் இருக்கும் சில மீட்டர் தரை இழப்பைத் தீர்மானிக்கிறது. அதற்கு அப்பால் பல அலைநீளத் தொலைவு வரை உள்ள தரை, தாழ்கோண அலையின் வலுவைத் தீர்மானிக்கிறது. ரேடியல்கள் முதலாவதைத்தான் சரிசெய்யும், இரண்டாவதை இடம் மாறினால்தான் சரிசெய்ய முடியும். 1990-களின் பிற்பகுதியில் ஜமைக்கா கடற்கரையில் போட்டிகளில் இறங்கிய ஒரு குழு, அலைகள் தொடும் இடத்திலேயே செங்குத்துகளை நட்டுப் பெரிய கோபுர நிலையங்களோடு மோதிக் காட்டியது. அதே செங்குத்தைக் காய்ந்த பாறைமேல் வைத்தால், சமஉயர டைபோலைவிட ஐந்தாறு டெசிபல் பின்தங்குவது வழக்கம். கோரமண்டல் கரையும் மன்னார் வளைகுடாவும் பக்கத்தில் இருக்கும் ஹாம், மலை ஏறுமுன் ஒருமுறை யோசிக்கலாம்.

முனையிலிருந்து ஊட்டும் கம்பி

இன்று அதிகம் விற்பதும் அதிகம் சண்டை மூட்டுவதும் இதுதான். அரை அலைக் கம்பியின் முனையில் மின்தடை சில ஆயிரம் ஓம். அதை 50 ஓமுக்கு இறக்க 49-க்கு 1 என்ற விகிதத்தில் ஃபெரைட் வளையத்தில் சுற்றிய மின்மாற்றி. 20 மீட்டர் கம்பி ஒன்று 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகளில் டியூனர் இல்லாமலே இயங்கும். ஒரு முனையை ரிக்கின் அருகே வைத்து, மறுமுனையைக் கவட்டையால் எய்த நூலில் தென்னை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. நடுவிலிருந்து கனமான கேபிள் தொங்காது. வசதியில் இதை வெல்ல எதுவுமில்லை.

சிக்கல் மின்னோட்டத்தின் திரும்பும் பாதையில். ஒரு கம்பிக்குள் போகும் மின்னோட்டத்துக்கு ஈடாக வேறெங்கோ ஒன்று பாய்ந்தாக வேண்டும். சிறு எதிர்க்கம்பி ஒன்றைச் சேர்க்கச் சொல்வோர் உண்டு. அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு போதும் என்பது பரவலான அறிவுரை. சேர்க்காவிட்டால் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறமே அந்த வேலையைச் செய்யும். ரிக்கைத் தொட்டால் விரல் சுடுவதற்கும், கேபிளை நகர்த்தினால் எஸ்.டபிள்யூ.ஆர். (ரிக்குக்கும் ஆண்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தின் அளவு) மாறுவதற்கும் அதுவே காரணம். கேபிளில் சோக் போட்டு அதைத் தடுக்க வேண்டுமா, அல்லது கேபிளையே ஆண்டெனாவின் பாகமாக ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்பதில் இரு தரப்பிலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். மின்மாற்றியின் இழப்பு பெரும்பாலும் ஒரு டெசிபலுக்கு அருகே. மட்டமான ஃபெரைட்டில் மேல் பேண்டுகளில் இன்னும் கூடும். எடை குறைக்கவென்று மெல்லிய ஆர்.ஜி.-174 கேபிள் 10 மீட்டர் சேர்த்தால் 14 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு டெசிபல். இரண்டும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு சக்திக்கு மேல் வழியிலேயே போயிற்று.

இதன் ஒன்றுவிட்ட சகோதரன், 9-க்கு 1 மின்மாற்றியோடு வரும் 'எந்த நீளமும் ஆகும்' கம்பி. பெயர் அப்படி இருந்தாலும் எந்த நீளமும் ஆகாது. பயன்படுத்தும் பேண்டுகளின் அரை அலை மடங்குகளைத் தவிர்த்தாக வேண்டும். டியூனரும் வேண்டும். அதற்கு மேல் இங்கே சொல்ல அதிகமில்லை.

வளையம்

சிறிய காந்த வளையத்தை ஆதரிப்பவர்கள் இடநெருக்கடியில் பிறந்தவர்கள். 1967-இல் பேட்டர்சன் விவரித்த அமெரிக்க இராணுவ வளையம் இதன் முன்னோடிகளில் ஒன்று. தரையைப் பெரிதாக நம்பியிராதது, மேசைமேல் நிற்கும், சுற்றுப்புற மின்னிரைச்சலை ஓரளவு தவிர்க்கும். பேருந்திலோ விடுதி பால்கனியிலோ இதற்குப் போட்டி இல்லை.

ஆனால் கணக்குப் போட்டால் உற்சாகம் அடங்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையத்தின் கதிர்வீச்சுத் தடை 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் பத்தில் ஒரு ஓம். 7 மெகாஹெர்ட்ஸில் அது ஓமில் ஆயிரத்தில் ஆறு பங்கு. இருபது மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிமனில் செம்புக் குழாய் போட்டாலும், மேல்பேண்டில் மூன்றில் இரண்டு பங்கு திறன் கிடைக்கும் இடத்தில் கீழ்பேண்டில் ஆறில் ஒரு பங்கே மிஞ்சும். கண்டென்சரின் இழப்பை இன்னும் சேர்க்கவில்லை. பையில் மடிக்க வேண்டுமென்று செம்புக் குழாய்க்குப் பதில் கேபிளைப் பயன்படுத்தினால் இன்னும் குறையும். 10 வாட்டுக்கே கண்டென்சரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும், ஆகவே கைதொடும் தூரத்தில் வைக்கும் இந்த ஆண்டெனாவைத்தான் தொடவே கூடாது. அதிர்வெண்ணைச் சில கிலோஹெர்ட்ஸ் நகர்த்தினாலே மறுபடி திருக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: திருகும் தொல்லை குறைவாக இருக்கிறது, பரப்பு அகலமாக இருக்கிறது என்று பாராட்டப்படும் வளையம் பெரும்பாலும் சக்தியை அதிகமாகச் சூடாக்கும் வளையம். வீலரும் சூவும் சொன்னது அதுதான்.

'எதுவானாலும் போதும்' என்ற வாதம்

கடந்த பத்தாண்டில் வலுப்பெற்ற தரப்பு மேற்கண்ட கணக்குகள் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளுகிறது. அதன் பிடிமானம் வலுவானது. 100 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் வேறுபாடு 10 டெசிபல். ஒரு எஸ்-அலகு 6 டெசிபல் என்ற பொது வரையறைப்படி அது இரண்டு அலகுகூட இல்லை. அயனி மண்டலத்தின் ஏற்ற இறக்கம் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அதைவிட அதிகமாக ஆடும். 2017-இல் வந்த, கணினிவழி இயங்கும் எஃப்.டி.8 முறை இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே புதைந்த சைகையையும் தோண்டி எடுக்கிறது. அப்புறம் ஆண்டெனாவின் மூன்று டெசிபலுக்காக ஏன் ஒரு மணி நேரம் மரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? ஐந்து நிமிடத்தில் நட்ட மட்டமான குச்சி, மிச்சமான ஐம்பத்தைந்து நிமிடத்தில் அதிகத் தொடர்புகளைத் தரும் என்கிறார்கள்.

பூங்காவில் பகலில் பத்துத் தொடர்பு போட்டுவிட்டு வீடு திரும்புபவருக்கு இந்த வாதத்தை மறுக்க முடியாது. இதன் பலவீனம் சராசரியை நம்புவதில் இருக்கிறது. பேண்ட் நன்றாகத் திறந்திருக்கும்போது எல்லா ஆண்டெனாவும் நல்ல ஆண்டெனா. விளிம்பில் இருக்கும்போதுதான் மூன்று டெசிபல் கேட்பதற்கும் கேட்காததற்கும் இடையே நிற்கும். குரலில் பேசும்போது அந்த விளிம்பு எஃப்.டி.8-ஐவிட வெகு முன்னதாகவே வந்துவிடும்.

பொழுதுபோக்கைத் தாண்டிய தேவை வந்தால் விளிம்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போய்விடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழுவொன்று தற்செயலாக போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. அந்த நிலையம் பல நாட்கள் தீவுகளின் செய்திகளைப் பெருநிலத்துக்குக் கொண்டுசேர்த்தது. அந்தமானின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரே இடத்தில் இரண்டு தேவைகள் தெரியும். போர்ட் பிளேரிலிருந்து சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், கார் நிக்கோபாரோ 300 கிலோமீட்டருக்குள். முதலாவதுக்குத் தாழ்ந்த கோணமும் இரண்டாவதுக்கு உயர்ந்த கோணமும் வேண்டும். ஒரே ஆண்டெனா இரண்டையும் நன்றாகச் செய்யாது.

எதை வைத்து அளப்பது?

இத்தனை தரப்புகளும் இவ்வளவு காலம் ஒன்றாக உயிர்வாழ்வதற்குக் காரணம், அளவுகோல்கள் சரியில்லாததுதான் என்று தோன்றுகிறது. முதலாவது குற்றவாளி எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். 50 ஓம் மின்தடையைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டால் அது 1:1 என்று மிக அழகாகக் காட்டும், ஒரு அலையும் கிளம்பாது. சுமார் 2019 முதல் மலிவாகக் கிடைக்கும் நானோவி.என்.ஏ. கருவி ஆண்டெனாவைச் சரிசெய்யும் வேலையைப் பெரிதும் எளிதாக்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அதுவும் பொருத்தத்தைத்தான் சொல்லும், திறனைச் சொல்லாது. அகன்ற பரப்பில் தாழ்ந்த எஸ்.டபிள்யூ.ஆர். காட்டும் குட்டை ஆண்டெனாவைக் கண்டால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே முறை.

இரண்டாவது, கணினி மாதிரிகள். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான என்.இ.சி.-2 நிரல் 1980-களில் பொதுவில் வந்த பிறகு, எல்.பி. செபிக் போன்றவர்களின் எழுத்துகளால் ஹாம்கள் ஆண்டெனாவைக் கட்டுமுன்னே கணக்கிடக் கற்றுக்கொண்டார்கள். அந்த மாதிரிகள் டைபோல்களைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். தரையைத் தொடும், தரைக்குள் புதையும் கம்பிகளை என்.இ.சி.-2 சரியாகக் கையாளாது. மண்ணின் கடத்துதிறன் என்று நாம் தரும் எண்ணும் பெரும்பாலும் ஊகம். செம்மண், களிமண், கருங்கல், மழைக்கு முன், மழைக்குப் பின் எல்லாம் 'சராசரித் தரை' என்ற ஒரே பெட்டிக்குள் அடைக்கப்படுகின்றன.

மூன்றாவது, காற்றிலேயே ஒப்பிடுவது. 'நேற்று அது, இன்று இது' என்ற ஒப்பீட்டில் அயனி மண்டலம் ஆண்டெனாவை விழுங்கிவிடும். இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008-இல் வெளியிட்ட, சிறு சக்தியில் சைகை அனுப்பிச் சோதிக்கும் டபிள்யூ.எஸ்.பி.ஆர். முறையும், அதே காலத்தில் வளர்ந்த தானியங்கிக் கேட்பு நிலையங்களின் வலைப்பின்னலும் இதை ஓரளவு மாற்றின. இரண்டு சிறு டிரான்ஸ்மிட்டர்கள், இரண்டு ஆண்டெனாக்கள், ஒரே நேரம், ஒரே கேட்பு நிலையம். சில நாள் ஓடவிட்டு வேறுபாட்டை மட்டும் எடுத்தால் ஒரு டெசிபலைக்கூடப் பிரித்தறிய வாய்ப்பிருக்கிறது. இத்தகைய சோதனைகள் தொடர்ந்து வெளிவருகின்றன. ஆனால் பெரும்பாலும் மிதவெப்ப நாடுகளிலிருந்து, பெரும்பாலும் 20 மீட்டர் பேண்டில். சோதித்தவர் அடுத்தடுத்து நட்ட இரு ஆண்டெனாக்கள் ஒன்றையொன்று பாதிக்கவில்லை என்பதற்கு உறுதி அரிதாகவே தரப்படுகிறது.

நிறுவும்போது

தேர்வைப் பற்றி இத்தனை பேசியபின் நிறுவுதல் பற்றிச் சில சொற்கள் போதும், ஏனென்றால் இதில் கருத்துவேறுபாடு குறைவு. மின்வாரியக் கம்பி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நூல் எறியக் கூடாது. கம்பம் விழுந்தாலும் அதைத் தொடாத தொலைவு வேண்டும். கோடை மாலைகளில் மலையில் இடி தொலைவில் உறுமும்போதே கம்பத்தை இறக்கிவிட வேண்டும். கம்பத்துக்கு மூன்று திசை இழுகயிறு, கண்ணில் படும் நிறத்தில். மரப்பட்டையைக் கம்பி அறுக்காதபடி முனையில் கயிறு. வனத்துறை எல்லைக்குள் டிரான்ஸ்மிட்டரோடு நுழையுமுன் அனுமதி. இவற்றில் எதையும் எந்தத் தரப்பும் மறுக்காது, களத்தில் கடைப்பிடிப்பது வேறு கதை.

தீராமல் நிற்பவை

சில கிளைக்கேள்விகளை முடிந்தவையாகக் கருதலாம். குட்டைச் செங்குத்தின் இழப்பும் கீழ்பேண்டில் சிறு வளையத்தின் திறனும் இனி கருத்துக்குரியவை அல்ல, அவை கணக்கு. உயர்த்திக் கட்டிய சில ரேடியல்கள் தரையில் கிடக்கும் பலவற்றுக்கு ஈடு என்பதற்கும் போதிய சான்று இருக்கிறது. கடலோரத்தில் செங்குத்து, மலைநாட்டு அண்மைத் தொடர்புக்குத் தாழ்ந்த டைபோல் என்பவையும் பெரிய எதிர்ப்பின்றி நிற்கின்றன.

முனையூட்டுக் கம்பியில் கேபிள் எவ்வளவு கதிர்வீசுகிறது, அது உதவியா உபத்திரவமா என்பது நிறுவும் முறைக்கு நிறுவும் முறை மாறுவதால் பொதுவிடை தருவது கடினம். ஒரு டெசிபல் கூடினால் தொடர்பின் நிகழ்தகவு எவ்வளவு கூடும் என்பதற்கும், குரல், மோர்ஸ், எஃப்.டி.8 மூன்றுக்கும் தனித்தனியாக, நம்பத்தக்க விடை தேவைப்படுகிறது. அது கிடைக்காதவரை 'எதுவானாலும் போதும்' தரப்பும் அதன் எதிர்த்தரப்பும் ஒன்றையொன்று வெல்லப் போவதில்லை.

நமக்கே உரிய ஒரு கேள்வியும் இருக்கிறது. காந்த நடுக்கோட்டின் மேல் புவியின் காந்தப்புலம் கிடையாகத் தெற்கு வடக்காக ஓடுகிறது. நேர் மேலே போய்த் திரும்பும் அலை அங்கே இரண்டாகப் பிரியும்: மின்புலம் தெற்கு வடக்காக அமைந்த ஒன்று, கிழக்கு மேற்காக அமைந்த மற்றொன்று. இரண்டில் முன்னதுக்கு உறிஞ்சல் குறைவு என்கிறது கோட்பாடு. அப்படியானால் திருநெல்வேலிப் பக்கத்தில் தாழ்ந்த டைபோலைத் தெற்கு வடக்காகக் கட்டுவதற்கும் கிழக்கு மேற்காகக் கட்டுவதற்கும் வேறுபாடு தெரிய வேண்டும், இமயமலை அடிவாரத்தில் அது பெரும்பாலும் மங்கிப்போக வேண்டும். இதைச் சோதிக்கத் தேவையானவை: ஏழு மீட்டர்க் கம்பம் ஒன்று, அதில் செங்கோணத்தில் கட்டிய இரண்டு 20 மீட்டர் கம்பிகள், இரண்டு டபிள்யூ.எஸ்.பி.ஆர். டிரான்ஸ்மிட்டர்கள், 200 கிலோமீட்டர் தள்ளி ஒரு கேட்பு நிலையம். கேட்கும் பக்கமும் இதேபோல் இரு திசையிலும் கம்பி கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பும் ஆண்டெனாவின் வேறுபாட்டோடு வாங்கும் ஆண்டெனாவின் வேறுபாடும் கலந்துவிடும்.